வழுவும் வழக்கும்: ஆங்கில இலக்கண நூல்கள் வந்த வழி

தமிழகப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டுவரும் ஆங்கில இலக்கண நூல்களில் இருவகை விதிகள் ஒரே வரிசையில், ஒரே அச்செழுத்தில், ஒரே கண்டிப்புடன் தரப்பட்டிருக்கின்றன. எழுவாயை அடுத்து வினையும் அதன்பின் செயப்படுபொருளும் வர வேண்டும், 'டிட்' என்ற துணைவினை வந்துவிட்டால் அதன் பின்னே 'வென்ட்' என்னும் இறந்தகால வடிவம் வராமல் 'கோ' என்னும் பகுதியே வர வேண்டும் என்பன போன்றவை முதல் வகையைச் சேர்ந்தவை. 'ஐ', 'வீ' ஆகிய தன்மை இடங்களுக்கு எதிர்காலத்தில் 'ஷல்' என்றே எழுத வேண்டும், பிரிபொசிஷன் எனப்படும் முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது, 'டு' என்பதற்கும் அதை அடுத்து வரும் வினைக்கும் இடையில் வேறொரு சொல்லை நுழைக்கக் கூடாது என்பன போன்றவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதல் வகை விதிகளை எவரும் இயற்றவில்லை. அவை பல நூற்றாண்டுகளாக மக்கள் பேசிப் பேசி உருவானவை. இரண்டாம் வகை விதிகளுக்கோ ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, அவற்றை வகுக்கத் தூண்டிய சமூகக் காரணமும் உண்டு. இவ்விரண்டும் கலந்து ஒரே பாடமாக மாணவர் கையில் வந்து சேர்ந்த வரலாறு அறியப்பட்டால், ஆங்கிலம் கற்பவர் எந்தப் பிழைக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது பெருமளவு தெளிவாகும்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கிராமர்' என்ற சொல் லத்தீன் இலக்கணத்தையே குறித்தது. கிராமர் பள்ளிகள் என்று பெயர் பெற்றவை லத்தீன் கற்பித்த பள்ளிகளே. அங்கே வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய லத்தீன் இலக்கணமே பாடநூலாக இருக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னர் 1540களில் ஆணையிட்டார். தாய்மொழிக்கு இலக்கணம் என ஒன்று தேவை என்றோ, அதற்கு இலக்கணம் இருக்கக்கூடும் என்றோ கற்றவர் பலர் எண்ணாத காலம் அது. இந்நிலையில்தான் வில்லியம் புல்லோக்கர் என்பவர் 1586இல் ஆங்கிலத்துக்கான முதல் இலக்கண நூலை அச்சிட்டார். ஆங்கிலமும் விதிகளுக்கு உட்பட்ட மொழியே என்று நிறுவுவதே அவரது நோக்கம். ஆனால் அதை நிறுவ அவர் கையாண்ட அளவுகோல் லில்லியின் லத்தீன் இலக்கணமே. வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு மொழியை வேற்றுமை மலிந்த மொழியின் சட்டத்துக்குள் பொருத்தும் இந்த முயற்சி அவரோடு முடியவில்லை. பின்வந்த இலக்கண ஆசிரியர் பலரும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு லத்தீனைப் பின்பற்றி வேற்றுமைப் பட்டியல்கள் தந்தார்கள். வடமொழி இலக்கண நெறியைத் தமிழுக்குப் பொருத்திக் காட்டிய வீரசோழியத்தையும் அதைச் சுற்றி எழுந்த விவாதங்களையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்நிலை விளங்கக் கடினமானதன்று.

இந்தப் போக்கை முதலில் கண்டித்தவர்களுள் ஜான் வாலிஸ் முக்கியமானவர். ஆக்ஸ்போர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த இந்தக் கணித அறிஞர் 1653இல் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அயல்நாட்டார் ஆங்கிலம் கற்க உதவ வேண்டும் என்பதே அதன் நோக்கம் ஆதலால், ஐரோப்பியக் கற்றோர் அனைவருக்கும் பொதுவான லத்தீனிலேயே அதை எழுதினார். எதிர்காலத்தைக் காட்டும் 'ஷல்', 'வில்' ஆகிய இரு துணைவினைகளும் அயலாருக்குக் குழப்பம் தருவதைக் கண்ட அவர், தன்மை இடத்தில் 'ஷல்' என்பது நிகழவிருப்பதை அறிவிக்கும், 'வில்' என்பது உறுதிமொழியையோ அச்சுறுத்தலையோ காட்டும், முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாக மாறும் என்று வரையறுத்தார். தென் இங்கிலாந்தின் கற்றோர் பேச்சில் இந்த வேறுபாடு ஓரளவு இருந்திருக்கலாம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அது வேரூன்றவே இல்லை. வெளிநாட்டார் வசதிக்காகக் கூறப்பட்ட இந்தக் குறிப்பு, அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கே விதியாகி, அதற்கும் பின் கடல் கடந்து சென்னை மாகாணத் தேர்வுத் தாள்களில் மதிப்பெண் குறைக்கும் காரணமாகவும் ஆனது.

நூலாசிரியர்கள் இவ்வாறு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், மொழியோ எவருடைய அனுமதியும் கேளாமல் தன் அடிப்படைகளையே மாற்றிக்கொண்டிருந்தது. இன்று ஆங்கிலப் பாடத்தின் முதற்படியாகக் கருதப்படும் 'டூ' என்னும் துணைவினை இதற்குச் சிறந்த சான்று. பதினான்காம் நூற்றாண்டில் சாசர் எழுதிய ஆங்கிலத்தில் வினவுவதற்கு வினையை எழுவாய்க்கு முன்னே மாற்றி வைத்தால் போதும். 'நோ யூ', 'கேம் ஹி' என்ற அமைப்பே வினா. மறுப்பதற்கு வினைக்குப் பின் 'நாட்' சேர்த்தால் போதும்; 'ஐ நோ நாட்' என்பது முறையான வாக்கியம். ஏறத்தாழ 1500 முதல் வினாவிலும் எதிர்மறையிலும் 'டூ' மெல்ல நுழைந்தது. இரு நூற்றாண்டுகளில் அது இல்லாத வினா அரிதாகிப் போனது. ஆல்வர் எல்லிகோர்ட் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் பழைய நூல்களில் இருந்த ஆயிரக்கணக்கான வாக்கியங்களை எண்ணி இந்த மாற்றத்தின் போக்கை 1953இல் வரைந்து காட்டினார்.

தமிழ் மாணவர் அடிக்கடி செய்யும் 'டிட் யூ வென்ட்' என்ற பிழையின் தன்மை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் துலங்கும். தமிழில் 'போனாயா' என்னும் வினாவில் காலம் வினையின் உள்ளேயே நின்று, 'ஆ' என்னும் வினா எழுத்து இறுதியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வினா ஆக்குவதால் வினையின் காலம் இடம் பெயர்வதில்லை. ஆங்கிலத்திலோ 'டூ' நுழைந்தபோது காலத்தையும், எழுவாய்க்கு இயைந்த 'எஸ்' விகுதியையும் அது தன்மேல் வாங்கிக்கொண்டது. முதன்மை வினை வெறும் பகுதியாக நின்றுவிட்டது. ஆகவே 'டிட்' என்பதில் இறந்தகாலம் ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டது, 'டஸ்' என்பதில் 'எஸ்' ஒருமுறை வந்துவிட்டது என்று விளக்கினால், 'டிட் யூ வென்ட்', 'டஸ் ஹி கோஸ்' ஆகிய இரு பிழைகளும் ஒரே காரணத்தால் நேர்பவை என்பது மாணவருக்குப் புலப்படும். விதியை மனப்பாடம் செய்வதைவிட இக்காரணத்தை உணர்வதே பயன் தருவது.

படர்க்கை ஒருமையின் 'எஸ்' விகுதியும் இத்தகைய வரலாறு உடையதே. தெற்கில் 'த்' என்றும் வடக்கில் 'ஸ்' என்றும் முடிந்த வடிவங்கள் நெடுங்காலம் அருகருகே வழங்கின. 1611இல் வெளியான விவிலிய மொழிபெயர்ப்பு 'கோயத்', 'சேத்' போன்ற பழைய வடிவங்களையே கைக்கொண்டது. அதே காலத்து ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதினார். அந்நூற்றாண்டின் முடிவுக்குள் வடக்கத்தி வடிவமே பொதுவழக்கில் வென்றுவிட்டது. 'இட்ஸ்' என்ற உடைமைச் சொல் அதைவிடவும் இளையது. அஃறிணை ஒருமைக்கும் 'ஹிஸ்' என்று சொல்லிவந்த மொழியில் 'இட்ஸ்' பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அச்சில் தலைகாட்டியது. 1611ஆம் ஆண்டு விவிலியத்தின் முதல் அச்சில் அது இடம்பெறவே இல்லை. அப்படி வந்த பிறகும் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் கற்றவர் பலர் அதை அபாஸ்ட்ரஃபி எனப்படும் மேற்காற்புள்ளி இட்டே எழுதினார்கள். புள்ளி இட்டால் 'இட் இஸ்' என்பதன் சுருக்கம், இடாவிட்டால் உடைமை என்று இன்று பாடநூல்கள் கற்பிக்கும் வேறுபாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைபெற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சூழல் மாறியது. வணிகம் பெருகிற்று, அச்சகங்கள் பெருகின, 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்துடன் இணைந்தபின் லண்டனை நோக்கி வந்த ஸ்காட்லாந்தவர் தம் பேச்சில் ஊர்வாடை இருப்பதாக எண்ணிக் கூசினார்கள், கைத்தொழிலாலும் கடை வணிகத்தாலும் செல்வம் சேர்த்த குடும்பங்கள் தம் பிள்ளைகள் கனவான்களைப் போல் எழுத வேண்டும் என விரும்பின. லத்தீன் கற்க வசதியும் நேரமும் இல்லாத இவர்களுக்குத் தாய்மொழியிலேயே எது சரி, எது தவறு என்று சொல்லும் நூல் தேவைப்பட்டது. பிரெஞ்சு நாட்டில் இருந்ததைப் போன்ற ஒரு மொழிக் கழகம் நிறுவி ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த வேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் அமைச்சர் ஹார்லிக்கு வேண்டுகோள் எழுதினார், அது நிறைவேறவில்லை. 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனோ, வாழும் மொழியை மாறாமல் கட்டிவைக்க எந்த அகராதியாலும் இயலாது என்று அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். கழகம் செய்யாததைத் தனிமனிதர்கள் எழுதிய பாடநூல்கள் செய்தன. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் வெளிவந்த ஆங்கில இலக்கணங்களின் எண்ணிக்கை, அதற்கு முன் வந்தவை அனைத்தையும் கூட்டினாலும் மிஞ்சும்.

அவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது ராபர்ட் லௌத் எழுதி, 1762இல் ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்த சிறு நூல். எபிரேயக் கவிதையைப் பற்றி ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளால் புகழ்பெற்று, பின்னாளில் லண்டன் பேராயராக உயர்ந்தவர் அவர். அவரது நூலின் தனித்தன்மை அதன் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. பக்கத்தின் மேற்பகுதியில் விதி இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் அந்த விதியை மீறிய வாக்கியங்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். அந்த வாக்கியங்களை எழுதியவர்கள் எழுத்தறிவு குறைந்தவர்கள் அல்லர். ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், அடிசன், ஸ்விஃப்ட், போப் ஆகியோரும், விவிலியத்தை மொழிபெயர்த்த அறிஞர்களுமே அவர்கள். மொழியின் தலைசிறந்த எழுத்தாளர்கள்கூட இலக்கணக் கல்வி இல்லாததால் தவறினார்கள் என்பதே லௌத்தின் வாதம். இலக்கியம் கண்டே இலக்கணம் வகுக்க வேண்டும் என்னும் தமிழ் மரபில் வளர்ந்தவர்க்கு இது வியப்பளிக்கும். தொல்காப்பியத்தின் பாயிரம், வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே அந்நூல் செய்யப்பட்டது என்று கூறுகிறது. லௌத்தின் பக்கங்களில் இலக்கணம் நீதிபதியாகவும் இலக்கியம் குற்றவாளியாகவும் நிற்கின்றன.

அவர் கண்டித்தவற்றுள் 'யூ வாஸ்' என்ற தொடர் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்குப் பண்டு 'தௌ' என்பதே சொல். பன்மைக்கு உரிய 'யூ' மரியாதை கருதி ஒருவரையும் குறிக்க வழங்கி, நாளடைவில் 'தௌ'வை வெளியேற்றிவிட்டது. 'யூ' என்ற ஒரே சொல் ஒருவருக்கும் பலருக்கும் பொதுவானபின், பேசுவோர் ஒருவரைக் குறிக்கும்போது 'யூ வாஸ்' என்றும், பலரைக் குறிக்கும்போது 'யூ வேர்' என்றும் வேறுபடுத்தத் தொடங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது தாழ்ந்தோர் பேச்சு அன்று. கற்றோர் கடிதங்களிலும் அச்சு நூல்களிலும் சரளமாக வழங்கிய பயனுள்ள வேறுபாடு. லௌத் இதைப் பெரும்பிழை என்று வகைப்படுத்தினார். அவரைப் பின்பற்றிய பாடநூல்கள் பெருகப் பெருகப் படித்தோர் எழுத்திலிருந்து 'யூ வாஸ்' மறைந்தது. கல்லாதார் பேச்சின் அடையாளமாக மட்டும் எஞ்சியது.

தமிழில் ஒருவரை 'அவர்' என்றும் 'நீங்கள்' என்றும் பன்மையால் சொல்வதைத் தொல்காப்பியர் எதிர்கொண்ட விதம் இதனோடு ஒப்பிடத்தக்கது. திணை, பால், எண் இயைபின்படி அது இலக்கண நெறி அன்று எனினும், உயர்த்திச் சொல்லும் வழக்கில் உள்ளதால் ஏற்கத்தக்கது என அவர் அமைத்துக்கொண்டார். வழு, வழாநிலை என்ற இரண்டோடு வழுவமைதி என்னும் மூன்றாவது இடத்தையும் தமிழ் இலக்கணம் வைத்திருந்தது. விதிக்கு ஒத்துவராவிட்டாலும் சான்றோர் வழங்குவதால் ஏற்புடையது என்ற அந்த இடம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கணங்களில் மிகக் குறுகியதாகவே இருந்தது. அதை அகலப்படுத்த முயன்ற ஒருவர் ஜோசப் பிரீஸ்ட்லி. பின்னாளில் ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகப் பெயர்பெற்ற அவர், 1761இல் வெளியிட்ட தம் இலக்கண நூலில் மக்கள் வழக்கே இறுதி அளவுகோல் என்றார். பள்ளிகள் லௌத்தையே விரும்பின; 1800க்குள் அவரது நூல் 40க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

லௌத்தின் மேல் சுமத்தப்படும் எல்லாப் பழியும் அவருக்கு உரியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிப்பதைக் குறையாக முதலில் எடுத்துக்காட்டியவர் கவிஞர் ஜான் டிரைடன்; 1672இல் பென் ஜான்சனின் நடையை விமர்சிக்கையில் இக்குறையைச் சுட்டியதோடு, தாமே முன்பு எழுதிய நாடகக் கலைக் கட்டுரையை 1684இல் மறுபதிப்பிட்டபோது அத்தகைய வாக்கியங்களைத் தேடித் தேடித் திருத்தினார். லத்தீனில் அவ்வாறு முடிக்க இயலாது என்பதைத் தவிர இதற்கு வலுவான காரணம் காண்பது அரிது. லௌத் இதைப் பிழை என்று கூறவில்லை. உரையாடலுக்கும் எளிய நடைக்கும் அது பொருந்தும், உயர்ந்த நடைக்கு மற்றதே ஏற்றது என்று மட்டுமே குறித்தார். அதைத் தடையாக இறுக்கியவர்கள் அவருக்குப் பின் வந்த பாடநூலாசிரியர்கள். இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற விதியும் அவருக்கு முன்பே ஜேம்ஸ் கிரீன்வுட்டின் நூலில் உள்ளது. லௌத் அதைத் தம் 1763ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். சாசர் காலத்தில் எதிர்மறையை அடுக்குவது மறுப்பை வலுப்படுத்தும் இயல்பான முறையாக இருந்தது என்பதை இவ்விதி மறக்கச் செய்துவிட்டது. எனினும் 'இல்லாமல் இல்லை' என்றால் உண்டு என்றே பொருள்கொள்ளும் தமிழருக்கு இந்த ஒரு விதி இயல்பாகவே கைவரும்.

பாடநூலின் வடிவத்தை மாற்றியவர் நியூகாசில் நகரில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி. 1740களில் வெளிவந்த அவரது இலக்கணத்தில், வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்ட வாக்கியங்களைத் தந்து மாணவரைத் திருத்தச் சொல்லும் பயிற்சி இடம்பெற்றது. ஆங்கில இலக்கண நூலில் இம்முறையைப் புகுத்தியவர்களுள் முதன்மையானவர் அவரே. பின்வரும் வாக்கியங்களைத் திருத்துக என்று இன்றுவரை வினாத்தாள்களில் வரும் பகுதியின் மூலம் இங்கே இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட வாக்கியத்தைப் படித்துக் கற்பதைவிடக் கெட்ட வாக்கியத்தில் குற்றம் கண்டு கற்பதே இலக்கணக் கல்வி என்ற எண்ணம் இதனால் ஊன்றியது. ஃபிஷரின் நோக்கம் நல்லதே. ஆனால் இருபது பிழை வாக்கியங்களைப் படிக்கும் குழந்தையின் காதில் அந்தப் பிழைகளே தங்கிவிடும் ஆபத்தைப் பிற்கால ஆசிரியர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இம்முறையை உலகெங்கும் பரப்பியவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து நியூயார்க்கில் வழக்கறிஞராகப் பொருளீட்டிய அவர், 1784இல் இங்கிலாந்துக்கு வந்து யார்க் நகரை ஒட்டிய ஹோல்கேட்டில் குடியேறினார். குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர் அந்நகரில் நடத்திய பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் எழுதிய இலக்கணம் 1795இல் வெளிவந்தது. லௌத், பிரீஸ்ட்லி முதலியோரின் நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டதே அது. ஆனால் முக்கிய விதிகளைப் பெரிய எழுத்திலும் விளக்கங்களைச் சிறிய எழுத்திலும் அச்சிட்ட ஒழுங்கும், 1797இல் தனியாக வந்த பயிற்சி நூலும், அதற்கான விடைநூலும் ஆசிரியர் வேலையை எளிதாக்கின. அவருடைய பள்ளி நூல்கள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பல பத்து லட்சம் படிகள் விற்றன. வழக்கின் பக்கம் நின்ற பிரீஸ்ட்லியின் குரல் இத்தொகுப்பில் அடங்கிப்போனது.

இலக்கணம் எவ்வளவு தூரம் அதிகாரத்தின் கருவியாகிவிட்டது என்பதை வில்லியம் காபெட்டின் வாழ்க்கையைப் போல் வேறெதுவும் காட்டாது. உழவர் குடியில் பிறந்த அவர், படைவீரராகச் சாட்டம் நகரின் பாசறையில் இருந்தபோது, நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் ஊதியத்தில், லௌத்தின் நூலைக் கையால் படியெடுத்து மனப்பாடம் செய்து இலக்கணம் கற்றவர். ஏழைகள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய வாக்குரிமை மனுக்கள் மொழி பண்பற்றது என்ற காரணத்தால் தள்ளப்பட்ட காலம் அது. விசாரணையின்றிச் சிறையிடுவதைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு நிறுத்திவைக்கப்பட்டதால் 1817இல் அமெரிக்காவுக்குச் சென்ற காபெட், தம் மகன் ஜேம்ஸுக்கு எழுதும் கடிதங்களின் வடிவில் ஓர் இலக்கணம் இயற்றி 1818இல் வெளியிட்டார். படைவீரர், மாலுமி, தொழில் பழகுநர், ஏர் ஓட்டும் சிறுவர் ஆகியோருக்கென்று அந்நூலின் தலைப்பிலேயே குறிப்பிட்டிருந்தார். பிழை வாக்கியங்களுக்கு எடுத்துக்காட்டாக மன்னர் உரைகளையும் அமைச்சர்களின் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் எழுவாயும் வினையும் எங்கே முரண்படுகின்றன, மறுபெயர் எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்பது எங்கே விளங்காமல் போகிறது என்று வரிவரியாகக் காட்டினார். உழைப்பாளர் வாயை மூட எடுத்த ஆயுதத்தை அதே உழைப்பாளர் கையில் கொடுத்த இந்த நூல், ஆங்கில இலக்கண வரலாற்றில் மனிதப் பற்று மிகுந்த நூல் என்று துணிந்து சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டனங்களுள் இரண்டைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே, வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் முன்பு எழுதிவந்தார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' என்ற புதிய தொடர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிப் பின்னர்ப் பரவியபோது அதை அருவருக்கத்தக்க புதுமை என்று இலக்கணிகள் பலர் எதிர்த்தார்கள். இன்று பாஸிவ் வாய்ஸ் பாடத்தில் மாணவர் கட்டாயம் கற்கும் வடிவம் அதுவே. 'டு' என்பதையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்ற தடை, 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்ட் வெளியிட்ட நூலால் பரவலாகி, அந்நூற்றாண்டின் இறுதியில் படித்தவர் அனைவரும் அஞ்சும் தடையாயிற்று. லௌத் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையே இந்தியாவில் 1835இல் ஆங்கிலவழிக் கல்விக்கு அரசு ஆதரவு முடிவானது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அரசு அலுவலுக்குத் தேர்வும், தேர்வுக்கு ஆங்கிலமும், ஆங்கிலத்துக்கு இலக்கணமும் வாயில்களாயின. இந்தியப் பள்ளிகளுக்கென நூல்கள் எழுதியவர்களுள், வடமேற்கு மாகாணங்களிலும் அவத்திலும் கல்வித்துறையில் உயர்பதவி வகித்த ஜே.சி. நெஸ்ஃபீல்டு முதன்மையானவர், 1890களில் வந்த அவரது நூல்கள் சென்னை மாகாணத்திலும் பரவின. 1907இல் ஜி.சி. விட்வர்த் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளை மட்டுமே ஆராயும் ஒரு தனி நூலை வெளியிட்டார். 1930களில் பி.சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் சேர்ந்து எழுதிய இலக்கணம் வந்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்தவரும், 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலின் ஆசிரியருமான ரென்னின் பெயர், தமிழகத்தில் 'ரென் அண்ட் மார்ட்டின்' என்ற இணைப்பாலேயே நிலைத்துவிட்டது.

இந்நூல்களின் நிறையும் குறையும் அவற்றின் மரபுவழியிலேயே உள்ளன. லௌத்தும் மரேயும் எழுதியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கு. அக்குழந்தைகள் 'ஏ', 'தி' என்னும் ஆர்ட்டிகிள்களில் தவறுவதில்லை. வினாவில் 'டூ' சேர்க்க மறப்பதில்லை. ஆகவே அவற்றுக்கு அந்நூல்களில் சில வரிகளே கிடைத்தன. அவர்கள் தவறியதாகக் கருதப்பட்டவை 'ஷல்', 'ஹூம்' போன்ற, வகுப்பு வேறுபாட்டைக் காட்டும் இடங்கள்; அவற்றுக்குப் பக்கங்கள் கிடைத்தன. நெஸ்ஃபீல்டும் ரென்னும் இந்திய மாணவரை மனத்தில் கொண்டு ஆர்ட்டிகிள், முன்னிடைச்சொல் ஆகியவற்றுக்கு இடம் கூட்டினார்கள் என்பது உண்மையே. ஆயினும் பழைய விதிகளை அவர்கள் கைவிடவில்லை. புதியவை பழையவற்றின் மேல் அடுக்கப்பட்டன.

தமிழரின் உண்மையான இடர்ப்பாடுகள் வேறிடத்தில் உள்ளன. ஆங்கில 'தி' சுட்டுச்சொல்லிலிருந்தும், 'ஏ' ஒன்று என்னும் எண்ணுச்சொல்லிலிருந்தும் தேய்ந்து வந்தவை. தமிழில் 'அந்த', 'ஒரு' என்பன தேவைப்பட்டால் மட்டுமே வரும். 'அப்பா டாக்டர்' என்பது நிறைவான வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்பவர் 'மை ஃபாதர் இஸ் டாக்டர்' என்கிறார்; எண்ணத்தக்க ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் தனித்து நிற்காது என்பதே அவர் அறிய வேண்டிய அடிப்படை. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்பதில் உள்ள நிகழ்கால உணர்வு 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று வெளிப்படுகிறது. 'இங்' வடிவம் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது, உடைமை, அறிவு, விருப்பம் போன்ற நிலைகளுக்கு உரியதன்று என்பதே இங்குள்ள நுட்பம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதன் 'பற்றி', 'டிஸ்கஸ் அபவுட்' என்று நுழைகிறது. 'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளை ஏற்கும் வினை. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பதில், பலருள் ஒருவர் ஆதலால் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற பன்மை வேண்டும் என்பது விடுபடுகிறது. இப்பிழைகளைத் திருத்தச் செலவிட வேண்டிய நேரத்தின் பெரும்பகுதி, ஆங்கிலேயரே கைவிட்டுக்கொண்டிருந்த 'ஷல்' பயிற்சிகளில் கழிந்தது என்பது வருந்தத்தக்கது.

'ஷல்' விதி கைவிடப்பட்டு வந்தது என்பதற்கு 1925லேயே சான்று கிடைத்தது. சார்லஸ் ஃபிரீஸ் என்ற அமெரிக்க அறிஞர் நாடகங்களில் உள்ள உரையாடல்களை எண்ணிப் பார்த்து, தன்மை இடத்திலும் 'வில்' என்பதே மிகுதியாக வழங்குவதைக் காட்டினார். பின்னர் அமெரிக்க அரசுக்குப் பொதுமக்கள் எழுதிய சுமார் 3000 கடிதங்களை ஆராய்ந்து 1940இல் ஓர் இலக்கணம் எழுதினார். இலக்கணம் என்பது கட்டளை அன்று, கண்டதை உரைப்பது என்ற நெறி இவ்வாறு வலுப்பெற்றது. 1959இல் ராண்டால்ஃப் குவெர்க் தொடங்கிய ஆங்கில வழக்கு ஆய்வு, பேச்சையும் எழுத்தையும் பெருமளவில் திரட்டி அதை முறைப்படுத்தியது.

இந்த மாற்றம் தமிழகத்துக்கும் வந்தது. சென்னை மாநிலம் 1950களில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் அமைப்புவழிப் பாடத்திட்டத்தை ஏற்றது; 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சி அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டு, 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று கல்வியாளரிடையே பெயர்பெற்றது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்குப் பயிற்றுவிக்க, அவர்கள் இன்னும் பலருக்குப் பயிற்றுவிப்பது என்பது அதன் திட்டம். அதன்பின் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளையும் சேர்த்து நடத்திய சோதனையில் இலக்கண விதியோ திட்டமிட்ட வாக்கியப் பயிற்சியோ இடம்பெறவில்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணம் வகுப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்ற வேலைகளை மாணவர் ஆங்கிலத்தில் செய்தார்கள். பிழை நேர்ந்த இடத்தில் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிவிட்டு மேலே நடந்தார். முடிவில் ஆலன் பெரட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் நடத்திய மதிப்பீட்டில், வாக்கிய அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்பினரும், வேலைவழித் தேர்வில் பிரபுவின் மாணவரும் முன்னணியில் நின்றார்கள். இரு முறைக்கும் பொதுவான தேர்வுகளில் பிரபுவின் மாணவரே மேம்பட்டிருந்தார்கள்.